ஊதா காட்டுங்க

எனக்கு யார் சொன்னாலும் லேசில் நம்புகிற பழக்கம் இல்லை. கடைக்காரர் நிறுத்துத் தந்த சீனியை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் படலை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "உனக்குச் சந்தேகப் பேய் புடிச்சிரிக்கி" என்று என் புருஷன் சொல்லுவார். அவர் வாவியில் தோணி விடுகிறவர். அவர் கொண்டுவரும் மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவேன். இப்படிப்பட்ட நான்தான் ஒன்றரை மாதமாக ஒரு பொய்யை ஜன்னலில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

செங்கலடிச் சந்தியில் இறங்கி வாவிப் பக்கமாக உள்ளே போனால் வருகிற சின்ன ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். பல் பகுதிக்கு ஒரு அறை, ஒரு கதிரை, ஒரு டொக்டர், நான். நான் அட்டென்டன். வருகிறவர்கள் என்னை நர்ஸ் என்று எண்ணி மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பல் பிடுங்குவது டொக்டரின் வேலை. பிடுங்கிய குறடு, அந்தப் பல் இடுக்கி, அதைக் கழுவி, துணியில் சுற்றி, மிஷினில் வைத்து அவித்து, அடுத்த வாய்க்கு ஆயத்தமாக்குவது என் வேலை. டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பொடியன். என்னைவிடப் பத்து வயது இளமை. என்னை அக்கா என்பார், நான் அவரை சேர் என்பேன், ஆனால் அறைக்குள் என் சத்தம்தான் கேட்கும்.

சுனாமியில் கடல் எங்கள் ஊருக்குள் வரவில்லை. கடலடித்த ஊர்களுக்கென்று வந்து குவிந்த சாமான்களில் ஒரு பங்கு மட்டும் எங்களுக்கும் வந்தது. பழைய மண்ணெண்ணெய் அடுப்பையும் அமுக்குச் சட்டியையும் மூலையில் தள்ளிவிட்டு, கரண்டில் வேலை செய்கிற புது மிஷினை மேசையில் ஏற்றினார்கள். உள்ளே தண்ணீர் கொதித்து, ஆவி வெளியே போக வழியில்லாமல் முட்டும். அந்தச் சூட்டில் கிருமி சாகும். முடிந்ததும் பச்சை விளக்கு எரியும். அதைப் பழக்கித்தர ஒரு வெள்ளைக்காரப் பெண் மூன்று நாள் வந்தார். பச்சை விளக்கை நம்பாதே என்று முதல் நாளே சொன்னார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

கிருமி செத்ததா என்று அறிய அவர் ஒரு பெட்டி நிறையச் சின்னக் குப்பிகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊதா நிறத் தண்ணீரும், லேசில் சாகாத ஒரு வகைக் கிருமியும் இருந்தன. ஆளுக்குத் தீங்கு செய்யாத கிருமி. கிழமை ஏழு நாளுக்கு ஒரு தடவை ஒரு குப்பியைக் குறடுகளுக்கு நடுவில் வைத்து அவிக்க வேண்டும். இன்னொன்றை அவிக்காமல் வெளியே வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் சின்னச் சூட்டுப் பெட்டி ஒன்றில் இரண்டு நாள் வைக்க வேண்டும். அவித்தது ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்துவிட்டது, மிஷின் சரி. மஞ்சளானால் கிருமி தப்பிவிட்டது. அவிக்காதது எப்போதும் மஞ்சளாக வேண்டும், மறக்காதே என்று இரண்டு தடவை சொன்னார். குளிரான இடத்தில் வைக்கவும் சொன்னார்.

குப்பி என்ற சொல்லை அந்த நாளில் எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டோம். கழுத்தில் நஞ்சுக் குப்பி கட்டிய இயக்கத்துப் பிள்ளைகள் எங்கள் ஒழுங்கைகளிலும் நடந்து திரிந்தார்கள். சோதனைச்சாவடியில் ஒருத்தியின் பையில் சின்னக் கண்ணாடிக் குப்பி அகப்பட்டால், அதில் இருப்பது என்ன என்று விளக்கி முடிக்க அவளுக்கு நேரம் கொடுக்கமாட்டார்கள். அதனால் நானும் டொக்டரும் அதை ஊதா என்றே சொன்னோம். டவுனுக்குப் போய்ப் புதிதாக எடுத்துவருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

முதல் நாலைந்து கிழமை சொன்னபடி இரண்டு இரண்டாகத்தான் வைத்தேன். அவித்தது ஊதா, அவிக்காதது மஞ்சள். ஒவ்வொரு தடவையும் அதேதான். எனக்கு வயிறு எரிந்தது. நெருப்புக்குச்சியை மிச்சம் பிடிக்கப் பக்கத்து வீட்டு அடுப்பில் நெருப்பு எடுத்த காலம் அது. சவர்க்காரத்தை நூலால் இரண்டாக அறுத்துப் பாதியை ஒளித்து வைத்தோம். பாதை எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. மஞ்சளாகும் என்று தெரிந்த ஒன்றை எதற்காக வீணாக்க வேண்டும்? வெளியே வைக்கும் குப்பியை நிறுத்திவிட்டேன். டொக்டரும் சரி என்றார். பெட்டி இப்போது இரட்டிப்பு நாள் வரும் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

பிறகு வடக்கே சண்டை தொடங்கியது. வாகரைப் பக்கமிருந்து ஷெல் சத்தம் வரும்போது தட்டில் இருக்கும் குறடுகள் ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டும். கரண்ட் ஒரு நாள் இருந்தால் இரண்டு நாள் இல்லை. வந்தாலும் பல்ப் முட்டை மஞ்சளாக எரியும். தடுப்பூசிக்குப் பொறுப்பான மிஸ்ஸி தன் குளிர்ப்பெட்டியில் இடமில்லை என்று என் ஊதாப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார். நல்ல சண்டை ஒன்று பிடித்தேன். தோற்றேன். பூட்டுப் போடக்கூடிய அலுமாரி எங்கள் அறையில் ஒன்றே ஒன்று, அது மிஷினுக்கு நேர் மேலே சுவரில் அடித்திருந்தது. கோபத்தோடு பெட்டியை அதற்குள் வைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு நாளும் ஆவி அதன் அடியில்தான் போய் முட்டும். மழை நாட்களில் அதன் கதவில் கையை வைத்துச் சூடு பிடிப்பேன்.

வாகரைச் சனம் வந்து சேர்ந்தபோது எங்களுக்குப் பக்கத்து வெட்டை நிலத்தில் கூடாரம் அடித்தார்கள். காட்டுக்குள்ளும் கரையோரமும் நாட்கணக்காக நடந்து வந்த ஆட்கள். கொஞ்ச நாளில் பல் வலி தொடங்கிவிட்டது. ஒரு காலை, ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாளே தவிர உள்ளே வரவில்லை.

"அந்தக் குறட்டால மத்த ஆக்களுக்கும் புடுங்கினதுதானே, மிஸ்ஸி?"

"ஓம். ஆளுக்கொரு குறடு வாங்க நாங்க என்ன ராசாவா?"

அவள் சிரிக்கவில்லை. "எங்கட அக்காவுக்குச் சந்தையில ஒருத்தன் பல்லுப் புடுங்கினவன். கன்னம் வீங்கி, கழுத்து வீங்கி, மூண்டாம் நாள் மூச்சு விட ஏலாமப் போயிட்டா. என்ர மூத்த புள்ளையக் கடல் எடுத்திட்டு. இதயும் குடுக்க ஏலா" என்று வயிற்றில் கையை வைத்தாள்.

என் வாய்க் கொழுப்பை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. உள்ளே போய்ச் சூட்டுப் பெட்டியிலிருந்து அந்தக் கிழமைக் குப்பியை எடுத்து வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"இஞ்ச பாரு புள்ள. சாகாத கிருமி ஒண்ட இதுக்குள்ள வெச்சு, குறட்டோட சேத்து அவிச்சது. இது ஊதாவா இரிக்கி எண்டா எல்லாம் செத்திட்டு. மஞ்சளாகினாத்தான் பயம். இந்த மிஷின் எனக்குப் பொய் சொல்ல ஏலா."

"சத்தியமாவா?"

"என்ர புள்ளையள் மேல சத்தியம்."

அவள் வந்து கதிரையில் இருந்தாள். பல் போய்விட்டது. அடுத்த கிழமை வீக்கம் நன்றாக வற்றிய பிறகு, காட்டுவதற்காகவே வந்து வாயைத் திறந்து நின்றாள். அதோடு கதை முகாமெல்லாம் பரவியது. அந்தக் கூடாரங்களிலிருந்து வந்தவர்கள் கதிரையில் ஏற முன்னரே "ஊதா காட்டுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். கிழவர்கள், பெண்கள், வாயே திறக்காத ஆம்பிளைகள் கூடக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் போய் எடுத்துவர அலுத்து, அதை ஜன்னல் விளிம்பிலேயே நிறுத்தி வைத்தேன். எல்லாரும் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடிவிட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

மிஷின் அந்த நாட்களில் கொஞ்சம் முனகும். கதவோரத்து ரப்பரில் ஒரு சீறல். துணிச் சுருள்கள் ஈரமாகவே வெளியே வரும். கரண்ட் குறைவுதானே என்று நினைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஊதா ஊதாவாக இருந்தது.

முதலில் ஒரு மேசன், பல் பிடுங்கி நாலாம் நாள், தாடைக்குக் கீழே வீக்கத்தோடு வந்தார். டொக்டர் கீறி விட்டு மருந்து கொடுத்தார். அடுத்த கிழமை இன்னொருவர். அதற்கடுத்து ஒரு பெண். அன்று மத்தியானம் டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, எனக்கு மிஷினில ஒரு சந்தேகம். கொஞ்ச நாளைக்குப் பழைய சட்டியில அவிப்பமோ?"

என் வேலையில் ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"சேர், அந்த மண்ணெண்ணெய்ப் புகையில நீங்களா நிக்கப்போறீங்க? முகாம்ல தண்ணியில்ல, வாய் கழுவ வழியில்ல, வீங்காம என்ன செய்யும்? இந்தா ஜன்னல்ல இரிக்கி. கண்ணால பாருங்க."

அவர் பார்த்தார். ஊதாதான். கையைத் துடைத்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் திரும்பி வந்தாள். ஒரு வயதுபோன பெண்ணின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். அடுத்த கூடாரத்து மாமி என்றாள். சொந்தமில்லை. இடம்பெயர்ந்து வந்த வழியில் தன் பங்குக் கஞ்சியில் பாதியை இவளுக்குக் கொடுத்து, இரவில் காலைப் பிடித்துவிட்டு, தாய் போலப் பார்த்தவ.

"வரமாட்டன் எண்டு நிண்டவ, மிஸ்ஸி. நாந்தான் புடிச்ச புடியில கூட்டி வந்தன். இவக்கும் ஊதாவக் காட்டுங்க."

மாமி குப்பியை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தா. "கத்தரிப்பூப் போல வடிவா இரிக்கி" என்றா. பிறகு கதிரையில் ஏறி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்தா. குறட்டை நான்தான் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தேன். துணி ஈரமாக இருந்தது.

அடுத்த நாள் காலை மிஷினைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் கொதிக்கவே தொடங்கவில்லை. டொக்டர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கிளப்பியது. பின்னேரம் கரண்ட் வந்ததும், மிஷினுக்குள் அவியாமல் கிடந்த அந்தக் கிழமைக் குப்பியை எடுத்து அவர் கண் முன்னாலேயே சூட்டுப் பெட்டியில் வைத்தேன்.

"அவியாட்டி என்ன நடக்கும் எண்டு பாருங்க சேர். ரெண்டு நாளில மஞ்சள் வரும். அப்பதான் உங்களுக்கு ஊதாட அருமை தெரியும்."

ஆச்சரியமாக அந்த இரண்டு நாளும் கரண்ட் போகவில்லை. மூன்றாம் நாள் காலை டொக்டர் எனக்கு முன்னரே வந்துவிட்டார். சூட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றார். "அக்கா, இஞ்ச வாங்கோ" என்றார். அவர் சத்தத்தில் கோபம் இல்லை. குப்பி ஊதாவாக இருந்தது.

சூட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அலுமாரியைத் திறந்து புதிதாக மூன்று குப்பிகள் எடுத்தேன். ஒன்றையும் அவிக்காமல் வைத்தேன். அந்த இரண்டு நாளும் கதிரையில் யாரையும் ஏற்றவில்லை. மூன்றும் ஊதா. அவற்றுக்குள் இருந்த கிருமி எப்போதோ செத்துப்போயிருந்தது. மிஷினின் ஆவி என் அலுமாரிக்குள்ளேயே வைத்து அதை நாள் கணக்காக, மெதுவாகக் கொன்றிருக்கிறது. செத்த கிருமி எதற்கும் மஞ்சளாகாது. அவித்தாலும் ஊதா, அவிக்காவிட்டாலும் ஊதா. வெளியே இன்னொன்றை வைத்திருந்தால் முதல் கிழமையே தெரிந்திருக்கும். நான் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

டொக்டர் எழுதிக் கேட்டு, ஒரு கிழமைக்குப் பிறகு, அம்புலன்சில் கடிதத்தோடு புதுக் குப்பிகள் வந்தன; அதுவரை பழைய சட்டியில்தான் அவித்தோம். இரண்டு இரண்டாக வைத்தோம். அவிக்காதது மஞ்சள். அவித்ததும் மஞ்சள். இரண்டு மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மிஷின் எப்போதிருந்து கெட்டுப்போயிருந்தது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் முகாமுக்குப் போனோம். கூடாரம் கூடாரமாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். ஏழெட்டுப் பேருக்கு வீக்கம். மருந்து கொடுத்தோம், பிறகு அவர்கள் சுகமானார்கள். "என்ன மிஸ்ஸி, வீடு தேடி வந்திட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார். "சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு" என்றேன். டொக்டர் நிலத்தைப் பார்த்தார்.

அந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் மாமியும் இருந்த வரிசையில் கூடாரங்கள் இல்லை. நாலு பக்கமும் அடித்த தடிகளும், நடுவில் அடுப்புக் கல்லும் மட்டும் கிடந்தன. அதற்கு முந்தின நாள் காலை பஸ்கள் வந்து அந்த வரிசையை வாகரைக்குத் திருப்பி ஏற்றிப்போய்விட்டன. எதிர் வரிசைக் கிழவர் ஒருவர் சொன்னார்.

"வயித்துப்புள்ளக்காரி நல்லாத்தான் ஏறினவ. மத்த மனிசிக்குத்தான் காய்ச்சல். முகத்த மூடிக்கொண்டு ஏறினவ."

அந்த நாளில் வாகரைக்குப் போக எழுத்தில் அனுமதி வேண்டும். டொக்டர் அங்கே இருந்த வைத்தியருக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. நான் போயிருக்கலாம். அனுமதி கேட்டு வரிசையில் நின்றிருக்கலாம், அழுதிருக்கலாம், யாருடைய காலையாவது பிடித்திருக்கலாம். நான் போகவில்லை. பயம் பாதைக்கு இல்லை. போய்ச் சேர்ந்தால் என்ன கேட்க வேண்டிவரும் என்பதற்கு. வீட்டில் என் பிள்ளைகள் இருமினாலும் எழும்பிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவர்கள் மேல் அல்லவா சத்தியம் பண்ணியிருந்தேன்.

சண்டை எல்லாம் முடிந்த அடுத்த வருடம், பல் பகுதியை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். டொக்டர் மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்திருந்தார். ஒரு முறை வாகரை. பள்ளிக்கூட அறையில் மடிப்புக் கதிரை போட்டு, மேசையில் என் சாமான்களைப் பரப்பினேன். ஓரத்தில் அந்தக் கிழமைக் குப்பிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஊதா ஒன்று, மஞ்சள் ஒன்று. இரண்டும் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

பத்து மணி போல அவள் வந்தாள். பார்த்தவுடன் தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் மூன்று வயதுப் பெண் பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறாள், பிள்ளையும் இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மிஸ்ஸி, நீங்கதான் வாறீங்க எண்டு தெரிஞ்சிருந்தா விடியவே வந்திருப்பன். இவக்குப் பல்லுப் பழுது. நான் சொல்லித்தான் கூட்டி வந்தன், பல்லுக்கு வாற மிஸ்ஸிமார் ஊதா காட்டுவாங்க, ஊதாவப் பாத்தாப் பயமில்ல எண்டு."

பிள்ளையைத் தூக்கிக் கதிரையில் வைத்தாள். பிள்ளை சொல்லாமலேயே வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டது. கீழே ஒரு பல் கறுத்திருந்தது. அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"இது என்ன மிஸ்ஸி, மஞ்சளும் நிக்கி?"

எதையாவது சொல்லியிருக்கலாம். புது மருந்து என்று சொன்னால் போதும். நம்பியிருப்பாள்.

"அது அவிக்காதது. குப்பிக்குள்ள கிருமி உயிரோட இரிக்கா எண்டு பாக்கிறதுக்கு. அது மஞ்சளாகினாத்தான் மத்ததுட ஊதாவ நம்பலாம்."

அவள் இரண்டையும் பார்த்தாள். "அப்ப எனக்குக் காட்டக்குள்ள மஞ்சள் இருக்கல்லியே" என்றாள். குற்றமாகக் கேட்கவில்லை. ஞாபகப்படுத்திப் பார்க்கிற சத்தம்.

"இல்ல புள்ள. வைக்கல்ல. அந்த ஊதா பொய். மிஷினும் பழுது. எனக்குப் பிறகுதான் தெரிஞ்சிது. உன்னத் தேடி வந்தன், பஸ் போயிட்டு."

நான் எனக்காக இதைச் சொன்னேனா, அவளுக்காகச் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. அவள் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது. அவளுடைய கை மெதுவாகத் தன் தாடைக்கடியில் போனது. தன் பல்லைப் பிடுங்கிய இடத்துக்கல்ல, கழுத்துப் பக்கம்.

"மாமி இஞ்ச வந்து நாலாம் நாள் செத்தவ" என்றாள். "கழுத்து வீங்கி. எங்கட அக்கா போலதான். வழியில குடிச்ச தண்ணி எண்டு சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் நினைச்சிரிந்தன்."

வாசலில் வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவ வரமாட்டன் எண்டு நிண்டவ" என்றாள். "நாந்தானே இழுத்து வந்தன்."

பிள்ளை இன்னும் வாயைத் திறந்தபடியே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, தன் உள்ளங்கையால் அந்த வாயை மெதுவாக மூடினாள்.